தன்னையும் சேர்த்து

ஃபர்வானியாவில் ஆறாவது மாடி.
ஒரு பிள்ளைக்கு மாதம் பதினைந்து தினார்,
பால் அவர்கள் கொண்டுவர வேண்டும்.
பெயர்ப்பலகை கிடையாது.
காலை ஐந்தரைக்கு மணி அடிக்கக் கூடாது,
நகத்தால் கதவைச் சுரண்டினால் போதும்.
லிஃப்ட் மூடுவதற்குள்
தூங்கும் பிள்ளையை என் தோளுக்கு மாற்றிவிட்டு
ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடுவார்கள்.

பத்து மணிக்கு எண்ணுவோம்.

லாஸ்யா கட்டைவிரலை நீட்டித் தொடங்குவாள்.
நிவின் சுண்டுவிரலை மடக்கித் தொடங்குவான்.
எகிப்துக்காரர் மகன் யூசுஃப்
விரல்களை விட்டுவிட்டு
விரல்கோடுகளைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போவான்,
ஒரு கைக்குப் பன்னிரண்டு.
மளிகைக் கணக்கு நானும் அப்படித்தான் போடுவேன்,
அவனிடம் சொன்னதில்லை.

கழுவிக் காயவைத்த பேரீச்சங்கொட்டைகள் முப்பது.
யாரோ மூக்கில் வைத்துப் பார்த்ததால்
இப்போது இருபத்தெட்டு.
ஐந்து என்றால் குபூஸ் பாக்கெட்.
"இல்ல, நாலு" என்கிறான் லோஹித்
வாய் நிறைய.
கழித்தல் நான் இன்னும் நடத்தவில்லை.

ஐம்பது ஃபில்ஸ் காசில்
ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு புள்ளி.
அரபியில் வட்டம்தான் ஐந்து, புள்ளி பூஜ்யம்.
"ஒண்ணுமே இல்லாததுக்கு
எதுக்கு ஆன்ட்டி புள்ளி?"
கேட்டவள் பெனிட்டா, மூன்றரை வயது.
எம்.காம். படித்த நான்
பால் பொங்குவதாகச் சொல்லி
அடுப்படிக்குப் போய்விட்டேன்.

யூசுஃப் தரையில் சாக்பீஸால்
வாய் திறந்த குருவிக்குஞ்சு போல ஏழு வரைவான்.
எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு
அது கவிழ்ந்து எட்டாகிவிடும்.
தினமும் இதில் ஒரு சண்டை.

பெனிட்டாவுக்குச் சிக்கல் வேறு.
ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாள்:
ஆறு.
மறுபடி எண்ணு.
ஆறு.
"உன்னை யாரு எண்ணுறது?"
திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்ப்பாள்.
செருப்புகளை வரிசையில் வைத்துக் காட்டினேன்,
ஏழு ஜோடி சரியாக வந்தது.
சிவப்பு ஜோடியைத் தூக்கிக்கொண்டு
வீடு முழுக்க ஆள் தேடினாள்,
அவளுடையதுதான் அது.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை,
ஆறு தலைகளைத் தொட்ட விரல்
சற்று யோசித்து
அவள் நெஞ்சுக்கே வந்தது.
"ஏழு."
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
நான் ஒரு முழுப் பேரீச்சம்பழம் கொடுத்தேன்.

அவள் அதை மென்று முடிப்பதற்குள்
கதவு தட்டப்பட்டது.
நகம் இல்லை. முட்டி.

ஹாரிஸும் பலதியா ஆளும்.
கோப்பு, பேனா,
வெயிலில் ஆறு மாடி ஏறி வந்த மூச்சு.
லிஃப்ட் நின்றுபோயிருந்தது.
எத்தனை பிள்ளைகள் என்று அரபியில் கேட்டார்.
நான் இரண்டு விரல் காட்டினேன்.

என் நைட்டியை விலக்கிக்கொண்டு
பெனிட்டா வந்து நின்றாள்.
தப்பாய்ப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல
என் கையைப் பார்த்தாள்.
எட்டிப் பிடித்து இழுத்து
மடங்கியிருந்த விரல்களைப்
பிசுபிசுத்த விரல்களால் பிரித்தாள்:
மூணு. நாலு.
கட்டைவிரல் கொஞ்சம் அடம்பிடித்தது. அஞ்சு.
இன்னொரு கையையும் வாங்கி, ஆறு.
பிறகு தன் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி.
"ஏழு!"

தமிழ் அவருக்குத் தெரியாது.
விரல்கள் தெரியும்.

உள்ளே யாரும் மூச்சுவிடவில்லை.
நான் கைகளை இறக்கவும் மறந்து
ஆறு விரலோடு நின்றேன்.
அவர் அவளைப் பார்த்தார்,
வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்தார்,
கோப்பைத் திறந்து
ஒரே ஓர் எண்ணை எழுதினார்.

எதிரே நின்ற எனக்கு
அது எட்டாகத் தெரிந்தது.

பயத்தின் நடுவே
ஒரு நொடி நினைத்தேன்,
என்னையும் சேர்த்துக்கொண்டாரோ.